பாற்பல்லும் குருத்துக்கலமும்

பாற்பல் விழுந்தவுடன் அதனைக் கூரைமீது எறிந்துவிடுதல் நம் வீடுகளிற் பழைய வழக்கம். அப்பல்லினுள்ளே எஞ்சி நிற்கும் செந்நிறத் துணுக்கு இன்று அறிவியலார் பலரின் ஆராய்ச்சிப் பொருளாகியுள்ளது. அதனால் அழற்சி நோய்கள் தணியுமா என்னும் வினாவை மாணவர் பொருட்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒன்று. இக்கலங்களைத் 'தண்டுக்கலம்' எனப் பெயர்த்தோரும் உளர். 'குருத்துக்கலம்' என்பதே சாலப் பொருந்தும் என்பேன். பனங்குருத்து இன்னும் விரியாதது. ஆயினும் ஓலையாகும் ஆற்றல் முழுவதும் அதனிடத்தே உண்டு. அவ்வாறே, எலும்பு, கொழுப்பு எனத் தனித்தொழில் ஒன்றை ஏலாது, ஏற்கும் ஆற்றலோடு மட்டும் நிற்பது குருத்துக்கலம்.

பல்லின் புறத்தே மிளிரி, அதனுள்ளே பன்முதல், நடுவே குருதிக்குழாயும் நரம்பும் செல்லும் பற்கூழ். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களிற் பணியாற்றிய கிரொந்தொஸ், சொங்தாவோ சி முதலியோர், வளர்ந்தோரின் ஞானப்பற் கூழிலே குருத்துக்கலங்கள் உண்டெனக் காட்டினர். பின்னர், சி அவர்கள் தம் சிறுமகளின் விழுந்த பல்லினுட் செந்நிற இழையம் இருத்தலைக் கண்டு ஆராயத் தொடங்கினார். பாற்பல்லிலும் அவை உளவென்பது 2003இல் வெளியாயிற்று. ஒரு வெட்டும் பல்லிற் கிடைத்தவை ஏறத்தாழ 12 முதல் 20 கலங்களே. எனினும் அவை ஆய்கூடத்தில் விரைந்து பெருகின.

இனி அழற்சியை நோக்குவாம். முள் தைத்த விரல் சிவந்து வீங்குதல் பகையன்று, காவலேயாம். அக்காவல் தன் உடலையே தாக்கத் தொடங்கும்போதுதான் லூப்பஸ், குரோன் நோய் முதலியன தோன்றுகின்றன. குருத்துக்கலங்கள் சிதைந்த உறுப்பாகத் தாமே மாறிப் பழுது தீர்க்கும் என முன்னர்ப் பலரும் எண்ணினர். அவ்வெண்ணம் பெரிதும் மாறிவிட்டது. குருதியில் ஏற்றிய கலங்களுட் பெரும்பாலன நுரையீரலிற் சிக்கிச் சில நாட்களில் மறைந்துவிடுகின்றன. அவை வெளிவிடும் புரொஸ்தகிளாண்டின் போன்ற பொருள்களே வேலை செய்கின்றன. அவற்றால் அழற்சியை மூட்டும் வெண்குருதிக் கலங்கள் குறைய, அதனை அடக்கும் கலங்கள் மிகுகின்றன. தூதர் மடிந்தபின்னும் ஓலை சென்றடைவது போன்றது இது.

வாய்ப்புண் பெரும்பாலும் வடுவின்றி ஆறுதலை யாவரும் அறிவர். பல்முரசிலும் இத்தகைய கலங்கள் உள்ளன. 2009இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் அவற்றைச் சுண்டெலிகளுக்கு ஏற்றியபோது பெருங்குடலழற்சி தணிந்தது. 2010இல் வெளியான ஆய்வொன்றிலே பாற்பற் கலங்கள் சுண்டெலிகளின் லூப்பஸ் போன்ற நோயைத் தணித்தன.

ஆனால் சுண்டெலி மனிதனன்று. 2018இற் சீன ஆய்வாளர் பாற்பற் கலங்களைக் கொண்டு, அடிபட்டுக் கூழ் இறந்த சிறுவர் பற்களிற் புதுக்கூழ் வளர்த்தனர். சிறந்த செயல்தான், எனினும் அது பல்லைப் பழுதுபார்த்தல், அழற்சி நோய் மருத்துவம் அன்று. அழற்சித் துறையில் மருந்தென இசைவு பெற்றவை பிறவிடத்துக் கலங்கள். குரோன் நோயால் வரும் பவுத்திரத்துக்கெனக் கொழுப்பிழையக் கலங்களாலாய மருந்து ஒன்று 2018இல் ஐரோப்பாவில் இசைவு பெற்றது. பின்வந்த பெரிய சோதனையிற் பயன் நிறுவப்படாமையால் 2024இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், மாற்றி வைத்த என்புமச்சை நோயாளியின் உடலைத் தாக்கும் நோய்க்கு, ஸ்டீரொயிட் பயன்படாத சிறார்க்கென, என்புமச்சைக் கலமருந்து ஒன்றை அமெரிக்கா ஏற்றது. ஒன்று வீழ, ஒன்று எழுந்தது. பற்கலம் அவ்வாயிலை இன்னும் அணுகவில்லை.

பிள்ளையின் பல்லைப் பணங்கொடுத்து உறைகுளிரிற் சேமிக்கலாமா எனப் பெற்றோர் வினவுவதுண்டு. மேற்கூறிய இரு மருந்துகளும் வேறொருவர் ஈந்த கலங்களால் ஆனவை. நோயாளியின் சொந்தக் கலம் அங்கு வேண்டப்படவில்லை. ஆதலின் கடன்பட்டுச் சேமித்தல் வேண்டா என்பதே என் துணிபு. வசதியுடையோர் சேமிக்க விரும்பின், பல்லினுட் கூழ் உயிரோடுள்ளதா என்பதை முதலிற் பல் வைத்தியரிடம் கேட்டறிக. பன்னாள் ஆடி ஆடி விழுந்த பல்லிற் பெரும்பாலும் எஞ்சுவது வெற்றுக் கூடே.