தலையாட்டிய சிறுவர்கள்

அன்புள்ள செல்விக்கு,

மாமா எழுதுவது. நீ வாட்ஸப்பில் அனுப்பிய குரல்செய்தியை மூன்று முறை கேட்டேன். எனக்குப் பதிலைக் குரலில் சொல்ல வராது. அச்சகத்தில் முப்பது வருஷம் மெய்ப்புப் பார்த்தவன், எழுதித்தான் பழக்கம்.

நடந்ததை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். வடிவமைப்பு வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து ஊரையும் அப்பாவின் தொழிலையும் சொல்லச் சொன்னார்கள். 'இஸ்திரி வண்டி' என்று நீ சொன்னதும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கக்கூட இல்லை. மறுநாள், தெருவோரத்தில் வேலை செய்பவருக்கு ஒரு பொருளை வடிவமைக்கச் சொன்னபோது உனக்குக் கை ஓடவில்லை. கடைசியில் பக்கத்துப் பெண்ணைப் போலவே ஒரு காபிக் கடையை வரைந்து கொடுத்துவிட்டு வந்தாய். "எனக்குக் கற்பனையே இல்லையோ மாமா?" என்று கேட்கிறாய்.

அதற்குப் பதிலாக ஒரு சோதனையைச் சொல்கிறேன். சிறுவர் பத்திரிகைகளில் முயலைக் கேரட்டிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி வளைந்து வளைந்து ஒரு படம் வருமே, சின்ன வயதில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருப்பாயே, அந்தப் புதிரை வைத்து 2000களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்துக் கிராமப்புறத்தில் ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள். மேல்சாதி எனப்பட்டவர்களில் 321 பேர், தலித் சிறுவர்கள் 321 பேர். ஆறு ஆறு பேராக உட்காரவைத்து, அவிழ்க்கும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு ரூபாய் கொடுத்தார்கள். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காத குழுக்களில் இரு தரப்புப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவு அவிழ்த்தார்கள்.

வேறு சில குழுக்களில் ஒரே ஒரு காரியத்தை மாற்றினார்கள். தொடங்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் மற்ற ஐந்து பேர் காதில் விழ வாசித்து, சரிதானா என்று கேட்டார்கள். பையன் தலையாட்ட வேண்டும். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு தலித் சிறுவர்கள் அவிழ்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்துபோனது. வயதிலும் வகுப்பிலும் வித்தியாசமில்லை, புதிரும் அதே வகைதான். உன் வகுப்பில் நடந்ததும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு. பணம் யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்த குழுக்களில் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. எவ்வளவு உழைத்தாலும் நம்மை ஒழுங்காக எடை போட மாட்டார்கள் என்ற நினைப்புதான் கையைப் பிடித்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். மற்றது, சாதியைச் சொல்லி, சாதிவாரியாகத் தனித்தனிக் குழுக்களாக உட்காரவைத்தபோது மேல்சாதிப் பையன்களும் சறுக்கினார்கள். தாங்கள் யார் என்று ஊருக்கே தெரிந்த பிறகு மெனக்கெட என்ன இருக்கிறது! இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புதிர் அவிழ்ப்பதும் படம் வரைவதும் ஒன்றா என்று கேட்பாய். ஒன்றில்லைதான். ஆனால் இரண்டிலும் நாலு தப்பு வழியில் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. தன் வீட்டையும் தெருவையும் சேர்த்துச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குத் தப்பு வழியில் போகத் துணிச்சல் வராது. 'இவங்க ஆளுங்க இப்படித்தான்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், ஏற்கெனவே பத்துப் பேர் நடந்த பாதையைப் பிடித்துக்கொள்வாள். நீ வரைந்த காபிக் கடை அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

எனக்கும் நடந்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு பத்திரிகைக்குக் கதை கொண்டுபோனேன். அங்கிருந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு எந்தப் பக்கம்?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, 'வெஞ்சனம்' என்றிருந்ததைக் 'கறி' என்றும், 'அங்கணம்' என்றிருந்ததைப் 'பாத்திரம் கழுவுமிடம்' என்றும் திருத்தினேன். கதை அச்சாயிற்று. உன் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன்; "யாரு வீட்டுக் கதைப்பா?" என்று கேட்டாள்.

நான் பயந்து அடித்த சொற்களைப் பயப்படாமல் எழுதியவர் ஒருவர் நம் மாவட்டத்திலேயே இருந்தார். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதி வேறு உடுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர். 1992இல் அவருடைய 'கருக்கு' புத்தகம் வந்தது. கருக்கு என்றால் பனைமட்டையின் இரு ஓரத்திலும் இருக்கும் ரம்பப் பல். தன் தெரு பேசுகிற பேச்சிலேயே அதை எழுதினார். இது இலக்கியத் தமிழா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். சொந்த ஊரிலும் கோபம் வந்தது. அந்தச் சிறுவர்களின் ஊரையும் சாதியையும் வாசித்ததுபோல, அவரையும் பிறர் நிறைய முறை பட்டியல் போட்டு வாசித்திருக்கிறார்கள். இந்த முறை பட்டியல் அவர் கையில் இருந்தது, அவரே வாசித்தார். நான் பார்க்கிற வித்தியாசம் அதுதான்.

இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கதை வேறு மாதிரி. வீட்டில் தெலுங்கு, வெளியே கரிசல் தமிழ். கரிசல் வட்டாரச் சொற்களைத் தேடிச் சேர்த்து அகராதியே போட்டார். அந்தச் சொற்களுக்குள்ளேயே முங்கிக் கிடந்தவர்களுக்கு அவை தனியாகக் காதில் விழுந்திருக்காது. ஒரு கால் வாசலுக்கு வெளியே இருந்ததால் அவருக்கு விழுந்தது என்பது என் கணிப்பு. தெலுங்கு மக்கள் கரிசலுக்கு வந்து குடியேறியதைக் 'கோபல்ல கிராமம்' என்ற நாவலாக எழுதினார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. நீயும் இப்போது இரண்டு வாசல்களுக்கு நடுவில்தான் நிற்கிறாய். அதைக் குறை என்று நினைக்காதே.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நீ இஸ்திரி வண்டியை அருமையாக வரைந்தால், "இனி இப்படியே செய்யம்மா, உன் மண் வாசனை இருக்கிறது" என்று யாராவது தட்டிக்கொடுப்பார்கள். அவர்களும் பட்டியல்தான் வாசிக்கிறார்கள், கொஞ்சம் அன்பாக. உனக்கு விமான நிலையம் வரையத் தோன்றினால் அதை வரை. தலையாட்டிக்கொண்டு நிற்காதே.

இப்போதைக்கு வண்டி. நேற்றுச் சாயங்காலம் உங்கப்பாவோடு ஒரு மணி நேரம் நின்றேன். கரிப்பெட்டியை ஊதும்போது சாம்பல் வெளுத்த துணிமேல் பறக்காமல் இருக்க, காற்றுப் பார்த்து வண்டியைத் திருப்புகிறார். பெட்டியைத் தூக்கிவைக்கும் இடம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் ஒவ்வொரு தடவையும் தோளைத் தூக்குகிறார். ஒரு சட்டைக்கு எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. மடித்த துணிக்கு நிழல் இருக்கிறது, அவர் நிற்கிற இடத்துக்கு இல்லை. இதெல்லாம் அந்தக் காபிக் கடை வரைந்தவர்களில் யாருக்கும் தெரியாது. உனக்கு ஏழு வயதிலேயே தெரியும்.

பொங்கலுக்கு வரும்போது வரைபட நோட்டைக் கொண்டு வா. அளவெடுக்க டேப் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா