தாய்க்காரி மில்லுக்குப் போனால் பிள்ளை கெட்டுவிடுமா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். எந்த வீட்டுப் பையன் தோற்றாலும், எந்தப் பிள்ளை போனும் கையுமாகத் திரிந்தாலும் காரணம் ஒன்றுதான்: “தாய்க்காரி மில்லுக்குப் போறால்ல, பிள்ளை எங்க உருப்படும்?” தகப்பன் திருப்பூரிலோ வளைகுடாவிலோ வருஷக்கணக்கில் கிடந்தால் அவன் குடும்பத்துக்காக உழைக்கிறவன். காலை ஷிஃப்ட் முடித்து வந்து அன்றைக்கே உலை வைக்கிறவள் பிள்ளையைக் கெடுத்தவள். அதே தெருவில் மில்லுக்குப் போகும் இன்னொருத்தியின் மகள் நல்ல மார்க் வாங்கியிருப்பாள். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டிலேயே இருக்கும் அம்மாக்களின் பிள்ளைகள் தோற்பதும் கணக்கில் வராது. படித்தவர்களும் வாய்கூசாமல் இதைச் சொல்வதால்தான் இவ்வளவு எரிச்சல்.

“அந்தக் காலத்தில் அம்மாக்கள் வீட்டில் இருந்தார்கள்” என்பதுதான் இந்தப் பேச்சின் அஸ்திவாரம். எந்தக் காலத்தில், எந்த ஊரில்? சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறி ஓடிய வீடுகளில் உட்கார்ந்து தார் சுற்றியது யார்? கடலைக்காட்டில் களை எடுத்ததும், வெயில் ஏறுவதற்குள் மல்லிகை மொட்டு பறித்ததும், போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி ஏலத்தோட்டத்தில் பழம் எடுத்ததும் இந்த மாவட்டத்துப் பெண்கள்தானே! வரப்போரத்து வேம்பில் பழைய சேலையில் தூளி கட்டி, ஒரு நிரை களை எடுத்துவிட்டு வந்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு மறு நிரைக்குப் போனவர்கள் அவர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கென்றே வீட்டில் இருந்த அம்மா, நாலு நிலக்கிழார் வீட்டிலும் கறுப்பு வெள்ளைப் படத்திலும்தான் இருந்தாள். தாய்க்காரி உழைப்பது புதிதில்லை. அவள் பெயரிலேயே சம்பளம் வருவதுதான் புதிது. உறுத்துவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊர்வாய் கிடக்கட்டும், குழந்தை வளர்ச்சித் துறை என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1991இல் தொடங்கி ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. தாயே முழுநேரமும் வளர்த்த பிள்ளைகளுக்கும், பிறர் பொறுப்பிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் அதில் தெரியவில்லை. காப்பகத்தில் மிக நீண்ட நேரம் இருந்தவர்களிடம் முரட்டுத்தனம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டின் பொருளாதாரம், பெற்றோரின் படிப்பு, தாய் பிள்ளையிடம் நடந்துகொள்ளும் விதம் இவற்றின் எடை அதைவிட அதிகம். 2010இல் 69 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், சிறுவயதில் தாய் வேலைக்குப் போனதற்கும் பின்னாளில் பிள்ளையின் படிப்பு, நடத்தை ஆகியவற்றுக்கும் பொதுவாகத் தொடர்பில்லை என்றார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களில் தாயின் வேலை பிள்ளைக்கு நன்மையாகவே தெரிந்தது. நூற்பாலைக்குப் போகிறவள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறென்ன வேண்டும்?

“அமெரிக்காக் கதை ஆண்டிபட்டிக்கு ஆகுமா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆய்வில் இருந்த பிள்ளைகள் அனாதரவாக விடப்படவில்லை. தாய் இல்லாத நேரத்தில் பொறுப்பான ஒருவர் உடன் இருந்தார். இங்கே ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப் விடியற்காலையில் புறப்பட்டுவிடுகிறது. அந்நேரத்துக்கு எந்த அங்கன்வாடியும் திறந்திருக்காது. பிள்ளை இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் சத்துமாவுப் பொட்டலம் கிடைக்கும், உட்கார இடம் கிடைக்காது. பாட்டி இருந்தால் பிழைத்தது. இல்லாவிட்டால் மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுத் தம்பியை இடுப்பில் தூக்குகிறாள். ஆக, கெடுதல் இருக்கிறது; ஆனால் அது அம்மாவின் வேலையில் இல்லை. அவள் கிளம்பிய பிறகு யாரும் இல்லாத அந்தச் சில மணி நேரத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்த ஓட்டையில் ஒரு பங்கை அடைத்திருக்கிறது. வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அம்மாவைத் திட்டாமல் சோறு போட்டார்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மல்லுக்கட்டத் தேவையில்லை. வெயிலில் வேலை பார்த்தால் பால் ‘சூடாகி’ பிள்ளைக்கு ஆகாது என்பது சுத்தப் பொய். தாய்க்குத் தண்ணீரும் சாப்பாடும் கூடுதலாகக் கொடுங்கள், போதும். ஞாயிற்றுக்கிழமை வைகை அணைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனால் வாரம் முழுக்கப் பார்க்காததற்குச் சரியாகிவிடும் என்பதும் கதைதான்; பிள்ளைக்குத் தினமும் இரவுச் சாப்பாட்டில் பத்து நிமிஷப் பேச்சு வேண்டும். நேரத்தைத் திட்டமிடத் தெரியாததுதான் பெண்களின் சிக்கல் என்று மேடையில் பேசுகிறவர்கள் மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் புரட்டட்டும். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். செய்கிறோம் என்று சொன்ன ஆண்களே 88 நிமிடத்தில் முடித்துக்கொள்கிறார்கள். பாத்திரம் பக்கமே போகாத மற்றவர்கள் இந்தச் சராசரியில் சேர்த்தியில்லை. இதில் அவள் எதைத் திட்டமிடுவது, தூக்கத்தையா?

குழந்தைகள் காப்பகம் சலுகை இல்லை, சட்டம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1976இல் திருத்தப்பட்டபோதே, 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றாகியிருந்தது. 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் எதற்கும் அதைக் கட்டாயமாக்கி, தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரவும் உரிமை கொடுத்தது. நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, களத்துக்கு ஐந்து சிறு பிள்ளைகள் வந்தால் ஒரு பெண்ணைக் கூலி கொடுத்துக் காவலுக்கு வைக்க வழி செய்திருந்தார்கள். ஏட்டில் இவ்வளவு இருந்தும், ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவளுக்கும் நாலு தறி போட்ட கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கும் இதில் எதுவும் எட்டாது. அவர்களுக்கு மிஞ்சுவது ஊர் அங்கன்வாடிதான். அதைக் காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறுவரை நடத்த வேண்டும், கைக்குழந்தையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே பதிவேடுகளில் மூழ்கிக் கிடக்கும் பணியாளர் தலையில் இதையும் கட்டுவதா என்றால், கூடாது. இரண்டாவது ஷிஃப்டுக்குத் தனி ஆள், தனிச் சம்பளம். ஆண்டிபட்டியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் மே 1 அன்று கிராமசபை கூடும். பத்தாம் வகுப்பு முடிவைப் பற்றி டீக்கடையில் பேசுகிறவர்கள் அன்றைக்கு அங்கே வந்து, இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடலாம்.