காய்ச்சல் தணிந்த பின் தொடங்கும் சிகிச்சை: வீட்டில் செய்யும் உடற்பயிற்சி

கோவிட், இன்ஃபுளுவென்சா போன்ற வைரஸ் தொற்றுகளால் கடுமையான நிமோனியா ஏற்பட்டு, பல நாட்கள் ஆக்சிஜன் உதவியுடன் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோர் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நுரையீரல் சரியாகிவிட்டது என்கிறீர்கள், பிறகு ஏன் குளியலறை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது?" என்பதே அது. இக்கேள்விக்கான விடையை அறிந்துகொண்டால்தான் உடற்பயிற்சியை அச்சமின்றித் தொடங்க முடியும்.

மூச்சு வாங்குவதற்கு நுரையீரல் மட்டும் காரணமன்று. படுக்கையில் கிடக்கும் உடல் தன் தசைகளை விரைவாக இழக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிகளின் தொடைத்தசை பத்து நாட்களுக்குள் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் மெலிந்ததை 2013-இல் வெளியான ஆய்வொன்று அளந்து காட்டியது. தொற்றின் அழற்சி, பசியின்மை, சிலருக்குத் தேவைப்படும் ஸ்டீராய்டு மருந்து ஆகியனவும் இவ்விழப்பைக் கூட்டுகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கே களைத்துவிடும். அதை ஈடுசெய்ய இதயமும் நுரையீரலும் கூடுதலாக உழைக்கும். மூச்சிரைப்புக்கு அஞ்சி அசையாமல் இருந்தால் தசை மேலும் மெலியும். இச்சுழலை முறிப்பதே பயிற்சியின் நோக்கம்.

தொடங்கும் முன்

காய்ச்சல் முற்றிலும் நின்று, ஓய்வாக அமர்ந்திருக்கும்போது மூச்சு சீராக இருக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஓய்வுநிலை அளவு 94-க்குக் குறைந்தால் மருத்துவரிடம் தெரிவித்த பின்னரே தொடங்குங்கள். நெடுநாள் நுரையீரல் நோயுள்ளோர் தங்களுக்கென மருத்துவர் குறித்துத் தந்த அளவையே பின்பற்ற வேண்டும். விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் கருவி தவறான அளவைக் காட்டக்கூடும். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோர் பயிற்சியின்போது குழாயைக் கழற்றிவிடக் கூடாது. நோயின்போது இதயத்தசை அழற்சியோ இரத்தக்கட்டியோ இருந்தவர்கள், மருத்துவர் அனுமதித்த பிறகே எப்பயிற்சியையும் செய்யலாம்.

உணவருந்தி ஒரு மணி நேரமாவது கழிந்திருக்கட்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் விளிம்பில் அமர்ந்து, தலைசுற்றல் இல்லையென உறுதி செய்துகொண்டு நில்லுங்கள்.

மூச்சைப் பழக்குதல்

மூச்சு வாங்கும்போது அதைத் தணிக்கும் வழியை முதலில் கற்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, சற்றே முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைகளின் மீது ஊன்றிக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணும் வரை மூக்கின் வழியாக மூச்சை இழுங்கள். விளக்கை அணைக்காமல் அதன் சுடரை மட்டும் அசைப்பது போல, உதடுகளைக் குவித்து, நான்கு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். நடக்கும்போது மூச்சு முட்டினால் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றும் இதைச் செய்யலாம்.

நான்கு எளிய பயிற்சிகள்

1. உட்கார்ந்து எழுதல்: கை வைத்த உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். மூச்சை வெளிவிட்டபடி எழுந்து, மெதுவாக அமருங்கள். ஐந்து முறை போதும். தொடக்கத்தில் கைகளை ஊன்றி எழுவதில் தவறில்லை.

2. குதிகால் உயர்த்துதல்: சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு, முன்பாதங்களில் உயர்ந்து இறங்குங்கள். பத்து முறை.

3. கைகளை உயர்த்துதல்: கைக்கு ஒன்றாக அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்து, தோள் உயரம் வரை தூக்கி இறக்குங்கள். எட்டு முறை.

4. நடை: வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ சமதளத்தில் ஐந்து நிமிடம். இடையில் அமர்ந்து ஓய்வெடுக்க ஒரு நாற்காலி இருக்கட்டும்.

முதல் மூன்றையும் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். நடையை நாள்தோறும் காலையும் மாலையும் செய்யலாம்.

எவ்வளவு செய்வது?

ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் இங்கே உதவும். சிரமமே இல்லை என்பது 0. தாங்கவே முடியாத சிரமம் 10. தொடக்க நாட்களில் உங்கள் சிரமம் 2 அல்லது 3-ஐத் தாண்டக் கூடாது. எண் சொல்லத் தெரியாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு: நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிந்தால் அளவு சரி, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் மீட்சியை ஐந்து படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஏழு நாட்கள் நிற்கச் சொல்கிறது. எனவே வாரம் ஒருமுறை மட்டும், ஏதேனும் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: நடையில் சில நிமிடம் அல்லது எழுதலில் இரண்டு முறை.

மறுநாளையும் கவனியுங்கள்

சிலருக்குப் பயிற்சியின்போது ஒன்றும் தோன்றாது; சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ கடும் அயர்ச்சி, உடல்வலி, மனமந்தம் ஆகியன வந்து படுக்கையில் தள்ளும். இது சோம்பலன்று, உழைப்புக்குப் பின் வரும் நலிவு என்னும் மருத்துவ நிலை. இத்தகையோர் 'பழகினால் சரியாகும்' என்று தம்மை வருத்திக்கொண்டால் நிலை மோசமாகும். பயிற்சியை நிறுத்தி, அன்றாட வேலைகளைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஓய்வுடன் செய்து, எங்களை வந்து பாருங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத்திணறல், ஆக்சிமீட்டர் அளவு தொடக்கத்தைவிட 4 புள்ளியோ அதற்கு மேலோ குறைதல் ஆகியன தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், சளியில் இரத்தம், உதடு நீலம் பாய்தல், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ நீடித்தல் ஆகியவற்றில் எது இருப்பினும் தாமதமின்றி அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். 108 ஊர்தியை அழைக்கத் தயங்க வேண்டாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

சில மாதங்களுக்கு முன் ஒரு முதியவர் மறுபரிசோதனைக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். வீடு திரும்பிய நாளில் தாமாகவே நடந்து சென்றவர் அவர். தண்ணீர்ச் செம்பு முதல் செய்தித்தாள் வரை எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்ததாக அவர் மகள் சொன்னார். அதில் அன்புக்குக் குறைவில்லை; அந்த ஆறு வாரங்களில் கால்கள்தாம் வலுவிழந்திருந்தன. மறுநாளே நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கினோம். மகள் அருகில் நின்று எண்ணிக்கை சொன்னார். இரண்டு மாதங்களில் அவர் தம் தெருமுனைத் தேநீர்க்கடை வரை நடந்து சென்று திரும்பினார்.

ஆகவே, தண்ணீரைக் கட்டிலுக்குக் கொண்டு வராமல், அதை எடுத்துவர அவர் நடக்கும்போது உடன் நடங்கள். ஒவ்வொரு வேளை உணவிலும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் இவற்றில் ஒன்றேனும் இருக்கட்டும். புரதமின்றித் தசை வளராது. சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இன்று செய்த பயிற்சி, சிரம எண், ஆக்சிமீட்டர் அளவு ஆகிய மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குறித்து, மறுபரிசோதனைக்கு வரும்போது கொண்டு வாருங்கள். அடுத்த படிக்குச் செல்லலாமா என்பதை அதைப் பார்த்தே நாம் சேர்ந்து முடிவு செய்வோம்.