குறுவளர்ச்சிப் பிள்ளையும் பெற்றோரும்



பிறந்த குழந்தையின் கைகால்கள் குறுகியும், தலை சற்றுப் பெரிதாகவும் இருக்கக் கண்ட வைத்தியர், இது 'அக்கொண்ட்ரோபிளாசியா' என்னும் எலும்பு வளர்ச்சிக் குறைபாடு என்கிறார். வீட்டிலே உடனே எழும் கேள்வி, "இது யார் பக்கத்துக் குறை?" என்பதே. தாய் தன்னையே நொந்துகொள்கிறாள், தகப்பன் பேசாதிருக்கிறார்.

இக்கேள்விக்கு 1994ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம். இப்பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 80 பேர் சாதாரண உயரமுள்ள பெற்றோருக்கே பிறக்கின்றனர். அவர்களில் அம்மாற்றம் புதிதாக நேர்ந்தது. தாய் உண்டதோ செய்ததோ காரணமன்று. ஆகவே, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் செய்யவேண்டிய முதல் உதவி, பழி சுமத்தாதிருத்தலாகும்.

இரண்டாவது உதவி, இதே வழியில் முன்சென்ற குடும்பங்களிடமிருந்து வருவது. 1957இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் நடிகர் பில்லி பார்ட்டி, தம்மைப்போன்ற குறுவளர்ச்சியாளர் சுமார் 20 பேரைக் கூட்டினார். அதிலிருந்து வளர்ந்த சங்கத்தில் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோரும் சேர்ந்து அனுபவங்களைப் பகிர்கின்றனர்.

முதுகு வலுப்பெறுமுன் குழந்தையை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தலாகாது. தூக்கும்போது தலையையும் கழுத்தையும் தாங்கவேண்டும். உறக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டால் தாமதியாது வைத்தியரிடம் செல்லவேண்டும். இவற்றை வைத்தியர் சொல்வார். இரவெல்லாம் கண்விழித்த இன்னொரு தாய் செய்துகாட்டுவாள்.

பிள்ளையை உயரத்திற்கேற்பவன்றி வயதிற்கேற்ப நடத்துங்கள். இத்தகைய பிள்ளையுள்ள வேறொரு வீட்டை அறிவீர்களாயின், இவ்வாரமே சென்று, முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.