கல்லீரல் ஒன்று, பகைவர் இருவர்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயில் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ளது எங்கள் ஊர் உதியன்குளங்கரை. 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு முதலிய தென் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லை, ஆட்சியைப் பிரித்ததே அன்றி வீட்டு மருந்தைப் பிரிக்கவில்லை. எல்லைக்கு அப்பால் கீழாநெல்லி, இப்பால் கீழார்நெல்லி. கண் மஞ்சளித்தால் இருபாலாரும் வேலியோரம் தேடிச் செல்வது அந்த ஒரு செடியைத்தான்.

சில ஆண்டுகட்கு முன் ஒரு மழைக்காலத்தில் என் தாய்மாமனுக்குக் காமாலை கண்டது. "பயப்படாத மக்களே, கீழாநெல்லி அரைச்சு மோருல குடிச்சா மாறிரும்" என்றார் பாட்டி. அவர் கண்ட காமாலைகளுள் பெரும்பாலானவை அவ்வாறே மாறியிருந்தன. மாமாவுக்கோ மாறவில்லை. பத்தாம் நாள் வயிறு வீங்கிற்று. பின்னர் எங்களையே அடையாளம் தெரியாமல் பிதற்றினார். மருத்துவமனையில் குருதியைச் சோதித்த மருத்துவர், "இவர் உடம்பில் இரண்டு வைரஸ்கள் இருக்கின்றன, ஒன்று புதியது, மற்றொன்று பல ஆண்டுப் பழையது" என்றார். புதியது, நீரால் வரும் ஏ வகை. பழையது, குருதியால் வரும் பி வகை. ஒருமுறை குருதிக்கொடை அளித்தபோதே பி இருப்பதை மாமாவிடம் சொல்லியிருந்தார்களாம். உடலில் ஒரு குறையும் தோன்றாமையால் அவர் அதனை எவரிடமும் கூறவில்லை. மூன்றாம் வாரத்தில் மாமா மறைந்தார்.

மருத்துவர் சொன்னது அன்று எனக்கு விளங்கவில்லை. பின்னர்ப் படித்தறிந்ததை இங்கு எழுதுகிறேன்.

காமாலை என்பது நோயன்று, நோயின் அடையாளம். பழைய செங்குருதி அணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சட்பொருளைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றுகிறது. கல்லீரல் அழற்சியுற்றால் அப்பொருள் குருதியில் தேங்கும், கண் மஞ்சளாகும். அழற்சி தரும் வைரஸ்களுள் ஏ, பி, சி, டி, இ என்னும் ஐந்தும் தலையாயவை. ஏ, இ இரண்டும் மாசுற்ற நீராலும் உணவாலும் பரவுவன. பெரும்பாலும் சில வாரங்களில் தாமே நீங்குவன. பி, சி, டி மூன்றும் குருதி முதலியவற்றால் பரவுவன; உடலிலேயே பல்லாண்டு தங்கவும் வல்லன. பிறக்கும்போது பி வைரஸைப் பெறும் குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேரிடம் அது நிலைத்துவிடுகிறது.

கல்லீரலுக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. ஒரு பகுதி கெட்டாலும் எஞ்சிய பகுதியைக் கொண்டே தன் பணியைச் செய்யும், வளரவும் செய்யும். ஆதலால் உள்ளே தழும்பு பெருகினாலும் வெளியே ஒன்றும் தெரியாது. இத்தகைய கல்லீரலின்மேல் ஏ அல்லது இ வைரஸ் வந்து தாக்கினால் என்னாகும்? நலமுள்ளவர் சேமிப்பை எடுத்துச் செலவு செய்து பிழைப்பர். இவரிடமோ சேமிப்பு இல்லை. குருதியை உறையச் செய்யும் புரதங்கள் குறையும். வயிற்றில் நீர் கோக்கும். நச்சுப்பொருள்கள் மூளையை எட்ட, அறிவு மயங்கும். ஒரு தொற்றின்மேல் மற்றொன்று வருவதை மேல்தொற்று என்பர்.

பி வைரஸையே சார்ந்து வாழும் வைரஸும் ஒன்றுண்டு. 1977இல் இத்தாலியர் மாரியோ ரிசெட்டோ கண்டறிந்த டெல்ட்டா, அதாவது டி, இரவல் சட்டை அணிந்து திரியும் திருடனைப் போன்றது. பி வைரஸின் மேலுறை இன்றி அது பரவ இயலாது. இரண்டும் ஒருசேரப் புகுந்தால் பெரும்பாலோர் உடல் இரண்டையும் வென்றுவிடும். பி நிலைத்த உடலில் டி பின்னர் வந்து சேர்ந்தாலோ, பெரும்பாலும் அதுவும் நிலைத்துக் கல்லீரலை விரைந்து சுருக்கும். நம் நாட்டில் இக்கூட்டு குறைவே. ஏ, இ ஆகியவற்றின் மேல்தொற்றே நாம் மிகுதியும் அஞ்சத்தக்கது.

அப்படியாயின் கீழாநெல்லி பயனற்றதா? சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ். பி. தியாகராசன் குழுவினர், பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்குடன் சேர்ந்து, 1988இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கீழாநெல்லி உண்ட 37 பேருள் 22 பேரிடம் பி வைரஸின் அடையாளம் மறைந்தது என்பது அதன் முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆயின் பிறர் பிறவிடங்களில் செய்த ஆய்வுகளில் அப்பயன் கிட்டவில்லை. ஏ வகைக் காமாலையோ தானே நீங்குவது. புகழ் மட்டும் செடிக்குச் சேர்கிறது. செடியைப் பழிப்பது என் நோக்கமன்று. அதனை நம்பிக் காத்திருந்த பத்து நாள்களே எங்களுக்கு இழப்பாயின.

மாமாவுக்குப் பின் வீட்டார் அனைவரும் சோதித்துக்கொண்டோம். பாட்டியிடமும் என் தாயிடமும் பி இருந்தது. இன்று இருவரும் மருத்துவர் பார்வையில் நலமாக உள்ளனர். காமாலை என்று யார் வந்தாலும் பாட்டி, "முதல்ல ரத்தம் பாத்துட்டு வா மக்களே" என்கிறார்.

நண்பர்களே, பி தடுப்பூசி நாடு முழுதும் குழந்தைகட்குப் பரவியது 2011க்குப் பின்னரே. நம்மில் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள். ஒருமுறை குருதியைச் சோதியுங்கள். பி இல்லையெனில் மூன்று தவணை ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அது டி வகையையும் தடுக்கும். பி இருப்பின் அஞ்சவேண்டா: 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ்ச் சோதனையும் மருந்தும் இலவசம். அத்தகையோர் ஏ தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்பதும், மதுவை விலக்குவதும், கொதித்தாறிய நீரையே பருகுவதும் கடன். மறைக்கத்தக்க நோய் அன்று இது; மறைத்தால்தான் கொல்லும்.