சேற்றுக்குள் ஒளிந்துகொள்ளும் பாசிகள்

ஒளிச்சேர்க்கை பாடம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு விடை தவறாமல் வருகிறது: ‘ஒளி கூடினால் உணவு உற்பத்தியும் கூடும்.’ தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அளவை மீறிய ஒளி, ஒளிச்சேர்க்கை அமைப்பையே பாதிக்கும் என்பது மாணவருக்குத் தெரியாமலே போகிறது. இதை விளக்க நான் எடுத்துக்கொள்வது ஓதச் சேற்றில் வாழும் டயாட்டம்களை.

கடல்நீர் வடிந்ததும் வெளிப்படும் சேற்றில் ஒளி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. மேலே சுள்ளென்ற வெயில், சற்றுக் கீழே இருட்டு. இந்த மெல்லிய அடுக்குக்குள்தான் டயாட்டம்கள் ஏறி இறங்குகின்றன. இவற்றுக்குக் கசையிழை கிடையாது. சிலிக்கா ஓட்டிலுள்ள நீண்ட பிளவின் வழியே பசைப்பொருளைச் சுரந்து வழுக்கிச் செல்கின்றன. பகலில் நீர் வடிந்தால் மேலே வருகின்றன. வெயில் கடுமையானால் பல இனங்கள் சற்றே அமிழ்கின்றன. ஓதம் திரும்புமுன் உள்ளே போய்விடுகின்றன.

மேகம் விலகி வெயில் அடிக்க நொடிகள் போதும். அதற்குள் நகர முடியாதே? அப்போது கைகொடுப்பது நிறமி. டயாடினோசாந்தின் சில நிமிடங்களில் டயாட்டோசாந்தினாக மாற, மிகுதியான ஒளி ஆற்றல் வெப்பமாக வெளியேறுகிறது. ஒளி குறைந்ததும் நிறமி பழையபடி ஆகிறது.

மாணவர்களை வாய்பிளக்க வைப்பது வேறொரு செய்தி. அமெரிக்காவின் பார்ன்ஸ்டபிள் துறைமுகச் சேற்றில் வாழும் ஹான்ட்சியா விர்கேட்டா என்ற டயாட்டத்தை ஜான் பால்மரும் ஃபிராங்க் ரவுண்டும் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தனர். அங்கே ஓதம் இல்லை, விளக்கும் அணையவில்லை. ஆயினும் கடற்கரையில் நீர் வடியும் வேளையை ஒட்டியே செல்கள் மேலே வந்தன; நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளித் தள்ளி வந்தன. 1967இல் வெளியான இந்த ஆய்வை உயிரிக் கடிகாரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

கடல் அருகில் இல்லாத பள்ளியிலும் இதைத் தொட்டுக் காட்ட வழி உண்டு. குளத்துச் சேற்றைத் தட்டில் பரப்பி, தேங்கிய நீரை வடித்துவிட்டு, வில்லை துடைக்கும் மெல்லிய தாளை அதன்மேல் படியவிட்டு வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை எடுத்து, ஒரு சொட்டு நீரில் நுண்ணோக்கியின் கீழ் பாருங்கள். நகரும் பாசிகள் தாளுக்குள் ஏறியிருக்கும். அதே தட்டின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

‘தாவரம் நகராதே, சார்?’ என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். ஐந்துலக வகைப்பாட்டில் டயாட்டம் புரோட்டிஸ்டாவில் இருப்பதை அப்போது சொன்னால், அந்தப் பாடமும் சேர்ந்தே நடந்துவிடும்.