இருபத்தைந்தோடு முடிந்துவிடுமா டென்னிஸ்?

"பதினாலு வயசாச்சு. மாநில அளவுல ஒரு கோப்பைகூட வாங்கல. இனிமே எதுக்கு டென்னிஸ்?" குன்னூரிலும் உதகையிலும் கோர்ட் ஓரம் காத்திருக்கும் பெற்றோரிடம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் மட்டை பரணுக்குப் போகிறது, டியூஷன் தொடங்குகிறது. படிப்புக்காக ஆட்டத்தை நிறுத்தினால் அது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. வயது கடந்துவிட்டது என்று நம்பி நிறுத்துவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. அந்த நம்பிக்கையில் உண்மை மிகக் குறைவு.

டென்னிஸில் பதினேழு பதினெட்டுக்குள் பேர் வாங்காதவர் பிறகு வாங்கவே மாட்டார், 25-ஐத் தாண்டினால் இறங்குமுகம்தான் என்ற எண்ணம் சும்மா வந்ததல்ல. 1985-ல் போரிஸ் பெக்கர் விம்பிள்டனை வென்றபோது வயது 17. 1989-ல் மைக்கேல் சாங் பிரெஞ்சு ஓபனை வென்றபோதும் அதே 17. 1997-ல் மார்ட்டினா ஹிங்கிஸ் 16 வயதில் உலகின் முதல் நிலை வீராங்கனை ஆனார். பியோர்ன் போர்க் 26 வயதில் ஓய்வை அறிவித்தார். ஜான் மெக்கன்ரோ தன் கடைசி கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டத்தை வென்றது 25 வயதில். இவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, அந்தக் கணக்கையே இன்றைய பிள்ளைகள்மேலும் போடுகிறது.

ஆட்டம் அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. ஸ்டான் வாவ்ரிங்கா முதல் கிராண்ட்ஸ்லாமை வென்றது 28 வயதில், மூன்றாவதை 31-ல். சீனாவின் லி நா 29-லும் 31-லும் வென்றார். ஜோகோவிச்சுக்கு 36 வயது நிறைந்த 2023-ல், நான்கு கிராண்ட்ஸ்லாம்களில் மூன்று அவருடையவை. முன்னணி நூறு ஆடவரின் சராசரி வயது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிடச் சில ஆண்டுகள் கூடியிருக்கிறது. பரிசுப்பணம் பெருகியதால் வீரர்கள் பிசியோதெரபிஸ்ட்டையும் உடற்பயிற்சியாளரையும் கூடவே அழைத்துச் செல்கிறார்கள். முன்பு ஆட்டத்தையே முடித்துவைத்த காயங்கள் பல இன்று ஆறு மாத ஓய்வோடு தீர்ந்துவிடுகின்றன.

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்குச் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனைக் காட்டுவேன். 1989 நவம்பரில் பிறந்தவர். மற்றவர்கள் தரவரிசையில் ஏறும் இருபதுகளின் தொடக்கத்தில் அவருக்கு முழங்கால் எலும்பில் விரிசல். பல ஆண்டுகள் அதிலேயே போயின. பழைய கணக்குப்படி அவர் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். 2018 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம் வென்றார். 2019 பிப்ரவரியில், 29 வயதில், முதன்முறையாக உலகின் முதல் நூறு பேருக்குள் வந்தார். ஏப்ரலில் 75-வது இடம். அந்த ஆண்டு நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் முதன்மைச் சுற்றில் ஆடினார். அதே ஆண்டு மார்ச்சில் இண்டியன் வெல்ஸ் போட்டியில், உலகின் முதல் இருபது பேரில் ஒருவரான பசிலாஷ்விலியை வீழ்த்தி மூன்றாம் சுற்றுக்குப் போனார். அங்கே அவரைத் தோற்கடித்த குரோஷியாவின் இவோ கார்லோவிச்சுக்கு அப்போது வயது 40.

ஜூனியர் பட்டம்தான் உச்சம் என்ற எண்ணத்தையும் நம் ஊர்க்காரர்களே உடைத்திருக்கிறார்கள். ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் 17 வயதில் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். ஆனால் அவர் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பது 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளுக்காக. அப்போது வயது 23, 24. இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோன 1966-ல் அவருக்கு 29. மகன் ரமேஷ் கிருஷ்ணனும் 1979-ல் ஜூனியர் விம்பிள்டனை வென்றவர்தான். அவர் விம்பிள்டன் காலிறுதிக்கு வந்தது 25 வயதில். 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அன்றைய முதல் நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தியபோது 27.

இனி எதிர்ப்பக்க நம்பிக்கைக்கு வருவோம். "வயது வெறும் எண்தான், போபண்ணாவைப் பாருங்கள்" என்று இப்போது பலர் சொல்கிறார்கள். நம் மலைக்கு வடமேற்கே குடகில், காப்பித் தோட்டக் குடும்பத்தில் வளர்ந்த ரோஹன் போபண்ணா, 2024 ஜனவரியில் 43 வயதில் மேத்யூ எப்டனுடன் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்று உலகின் முதல் நிலை இரட்டையர் வீரரும் ஆனார். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோன நிலையில், ஐயங்கார் யோகாவின் துணையோடு ஆடியவர். இந்தச் சாதனையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஆனால் இது இரட்டையர் ஆட்டம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஓட வேண்டியது பாதி கோர்ட். புள்ளிகள் சீக்கிரம் முடியும். வேகமான சர்வீஸ், வலை அருகே கை விரைவு, எதிராளி எங்கே அடிப்பார் என்ற முன்யோசனை, இவைதான் முதல். ஐந்து செட் ஒற்றையரில் நான்கு மணி நேரம் ஓடும் கால்களுக்கு வயது தெரியத்தான் செய்யும்.

கால் வேகமும் உடல் துரிதமும் பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில், நடுவில் உச்சம் தொடும். ஆட்டத்தைப் படிக்கும் அறிவு அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஒற்றையரில் பலருக்கு நல்ல காலம் இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதின் ஓரம் வரை இருக்கிறது. அல்கராஸ் 19 வயதில் முதலிடம் பிடித்தது விதிவிலக்கு. அதை அளவுகோலாக வைத்தால் எந்தப் பிள்ளையும் தேறாது.

மலைக்காற்றில் வளர்ந்த பிள்ளைக்கு மூச்சு பலம், சீக்கிரம் முன்னேறிவிடும் என்பார்கள் சிலர். இங்கே வேறொரு சிக்கல் இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு, பந்து வேகமாகப் பறக்கும், அதிகமாக எழும்பும். 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதியில் தனிப் பந்து வகைகளே உண்டு. சாதாரணப் பந்தில் இங்கே பழகிய பிள்ளை கோவையில் இறங்கி ஆடினால், அதே அடி கோட்டுக்கு முன்பே விழும், பந்து இடுப்பளவுகூட எழும்பாதது போலத் தோன்றும். முதல் சில போட்டிகளில் தோற்பதற்கு இதுவே போதும். அந்தத் தோல்விகளைத் திறமைக் குறைவு என்று எழுதிவிடாதீர்கள்.

அதற்காக எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று சொல்ல வரவில்லை. அடிப்படை அடிகள் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் கையில் ஏறியிருந்தால் நல்லது. போபண்ணாவே 11 வயதில்தான் தொடங்கினார். அவசரமும் ஆபத்துதான். ஜெனிபர் காப்ரியாட்டி 13 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, பதின்வயது முடியுமுன்பே களைத்து விலகினார். திரும்பி வந்து முதல் கிராண்ட்ஸ்லாமை வென்றபோது வயது 24. அவரைப் போன்றவர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான், 18 வயதுக்குட்பட்ட வீராங்கனைகள் ஓர் ஆண்டில் ஆடும் போட்டிகளுக்கு மகளிர் டென்னிஸ் சங்கம் வரம்பு கொண்டுவந்தது.

சிறு வயதிலும் முப்பதைத் தாண்டியும் வாய்ப்பு உண்டு என்பதற்கு, மலையிறங்கினால் வரும் கோவையையே பாருங்கள். மாயா ராஜேஷ்வரன் 2025 பிப்ரவரியில் 15 வயதில் மும்பை ஓபன் அரையிறுதிக்குப் போனார். அதே ஊரின் ஸ்ரீராம் பாலாஜி, 34 வயதில் போபண்ணாவின் ஜோடியாகப் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடினார்.

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பதினாலு வயதில் கோப்பையை எண்ணாதீர்கள். போன வருடத்தைவிட சர்வீஸ் தேறியிருக்கிறதா, தோளும் முதுகும் வலியில்லாமல் இருக்கின்றனவா, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு கிடைக்கிறதா, காலையில் எழுந்து கோர்ட்டுக்குப் போக பிள்ளைக்கு இன்னும் ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால், குறைந்தது இருபது வயது வரையாவது ஆட விடுங்கள்.